நாலரைப் பாய் வீடு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஆம்பிளைக்கு வீடில்லை. பிறப்பது தாயின் வீட்டில்; அது அக்கா தங்கச்சிக்குப் போய்விடும். கல்யாணம் முடித்துப் போவது மனைவியின் வீட்டுக்கு. அதை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வளவின் பின்பக்கத்துக் கொட்டிலுக்கு நகர வேண்டும். அங்கிருந்து நேரே சுடலைக்கு. இதை ஒரு குறையாக யாரும் சொல்வதில்லை. பெண் பிள்ளை தெருவில் நிற்கக்கூடாது என்று முன்னோர் செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆம்பிளை எங்கே நிற்பான் என்று யோசிக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கொக்கட்டிச்சோலை அழகரத்தினம் ஓடாவியார் அந்தக் கேள்வியைக் கேட்டது அறுபத்திரண்டு வயதில். ஓடாவி என்றால் மரவேலைக்காரர். கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்டூர் வரை அவர் நிறுத்திய கதவு நிலைகளையும் ஏற்றிய கூரைகளையும் ஓரிடத்தில் சேர்த்தால் ஒரு சின்ன ஊரே வரும். அத்தனையும் யாரோ ஒரு பெண்ணின் பேரில் எழுதப்பட்ட வீடுகள். மூத்த மகள் யசோதினி இருக்கிற வீடும் அப்படித்தான். அது அவருடைய மனைவி சின்னத்தங்கத்தின் சீதன வீடு. அதைப் பெருப்பித்து, முன்னால் போர்ட்டிக்கோ இறக்கி, மகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு ஒன்பது வருடமாகப் புருசனும் பெண்சாதியும் பின்னால் இருந்த பழைய சமையல் குசினியில் குடியிருந்தார்கள். சுவரும் தகரம், கூரையும் தகரம். பகல் பத்து மணிக்கு மேல் உள்ளே இருக்க ஏலாது. முழங்கால் வருத்தக்காரியான சின்னத்தங்கம் ஒரு பிளாஸ்டிக் கதிரையை வேப்பமர நிழல் போகிற பக்கமெல்லாம் இழுத்துக்கொண்டு, பொழுது சாய்கிற நேரம் வேலியோடு போய்ச் சேருவாள்.

யசோதினி கெட்ட பிள்ளையல்ல. முன்வீட்டுக்குள் வந்து இருங்கோவன் என்றுதான் சொல்வாள். மருமகனின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் சின்னத்தங்கம்தான் தானாக எழும்பி வந்துவிடுவாள்.

ஒரு நாள் மருமகன் கோழி வளர்க்கத் தொடங்கினார். யசோதினி பின்பக்கம் வந்து, கட்டிலைக் கொஞ்சம் அங்கால தள்ளினால் தீவன மூட்டையை நனையாமல் வைக்கலாம் என்று சொன்னாள். குரலில் ஒரு கடுமையும் இல்லை. அழகரத்தினம் எழும்பிக் கட்டிலைத் தள்ளினார். தள்ளிவிட்டு அதன் விளிம்பில் இருந்தவருக்கு நெஞ்சுக்குள் ஒன்று பிடிபட்டது. கட்டிலைத் தள்ளு என்று யாரும் சொல்ல முடியாத ஓரிடம் வேண்டும். பெரிதாக வேண்டாம். தானும் சின்னத்தங்கமும் சாகும்வரை கிடக்க ஓரிடம்.

அந்தக் கட்டிலுக்கு மேலே ஒரு கலண்டர் தொங்கியது. 2013ஆம் ஆண்டுக் கலண்டர். பத்து வருடமாக யாரும் அதில் நாள் பார்த்ததில்லை.

வாவிக்குக் குறுக்கே பாலம் கட்ட ஜப்பான்காரர் வந்த காலத்தில் அழகரத்தினம் அங்கே கொங்கிறீற்றுக்குப் பலகை அடிக்கிற வேலையில் இருந்தார். அவருக்கு மேலாக இருந்தவர் ஒகாத்தா என்ற நரைத்த மனிதர். இரண்டு பேருக்கும் பொதுவாக இருபது இங்கிலீஷ் வார்த்தை இருந்தது. மீதியைக் கையும் சுத்தியலும் பேசின. ஒருநாள் சாப்பாட்டு நேரம் அழகரத்தினம், உங்கட வீடு எவ்வளவு பெரிசு என்று கேட்டார். ஒகாத்தா பக்கத்தில் கிடந்த பாயைத் தொட்டுக் காட்டி ஆறு விரலை நீட்டினார். அழகரத்தினம் வீட்டுக்குப் போய், இவ்வளவு பெரிய பாலம் கட்டுகிற மனுசனிடம் மொத்தமே ஆறு பாய்தானாம், பாவம் என்று சொன்னார். சின்னத்தங்கம் மனமிரங்கி அடுத்த நாளே ஒரு புதுப் பன்பாயைச் சுற்றிக் கொடுத்துவிட்டாள். ஒகாத்தா அதை வாங்கி விரித்துப் பார்த்து, விசயம் விளங்கியதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு மணலில் குந்தியிருந்து ஒரு தடியால் கோடு கீறினார். அவர்களுடைய ஊரில் அறையை அடியால் அளப்பதில்லை, பாயால் அளப்பார்கள். ஒரு பாய் என்றால் ஒரு ஆள் கிடக்கிற அளவு. ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை. ஆகச் சின்னது நாலரைப் பாய். நாலு பாய் சுற்றிவர, நடுவில் அரைப் பாய். அந்த அரை எதற்கு என்று அழகரத்தினம் சைகையால் கேட்டார். ஒகாத்தா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை.

போகும்போது அவர் கொடுத்துவிட்டுப் போனதுதான் அந்தக் கலண்டர். பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு சின்ன வீடுகள். எல்லாம் மரம். கல்லின் மேல் காலூன்றி நிலத்திலிருந்து எழும்பி நிற்கிற வீடுகள். கூரை தொப்பி மாதிரித் தாழ இறங்கியிருக்கும். கதவு திறப்பதில்லை, பக்கமாக நகரும். வீட்டுக்காக மரத்தை வெட்டாமல் மரத்துக்காக வீட்டை வளைத்திருப்பார்கள். ஒன்பது வருடம் அந்தத் தகரத்துக்குள் மல்லாந்து கிடந்து பார்த்ததில், எந்தத் தூணில் எந்தப் பொருத்து எப்படி ஏறியிருக்கிறது என்று படத்தில் தெரியாததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

நிலம் அக்காவிடமிருந்து வந்தது. வாவிக் கரையோரம் பத்துப் பேர்ச் துண்டு. மாரியில் தண்ணீர் ஏறுகிற பள்ளம் என்று மூன்று தலைமுறையாக எந்த மாப்பிள்ளையும் சீதனத்துக்கு ஏற்காத துண்டு. தம்பி கேட்டதும் அக்கா சிரித்துக்கொண்டே எழுதித் தர வந்தாள். மட்டக்களப்பு ரவுணில் பத்திரம் முடிக்கிற நொத்தாரிசின் கந்தோருக்குப் போனார்கள். அங்கே இருந்த எழுத்தர், காணி உறுதி ஆருட பேருல என்று கேட்டார். அழகரத்தினம், ‘தனுஷியா’ என்றார்.

தனுஷியா அவருடைய இளைய மகள். அந்தப் பெயர் அவர் யோசித்துச் சொன்னதல்ல. நொத்தாரிசு கேட்டால் மகளின் பெயரைச் சொல்வது என்பது வாய்க்குப் பழகிப்போன ஒன்று. கோயிலில் ஐயர் கேட்டால் நட்சத்திரம் சொல்வதுபோல. எழுத்தர் எழுதினார், அக்கா கையெழுத்து வைத்தாள், சாட்சிகள் வைத்தார்கள். திரும்புகிற பஸ் பாலத்தின் நடுவுக்கு வந்தபோதுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. நான் எனக்கென்று கேட்ட நிலம்.

திரும்பிப் போய் மாற்றியிருக்கலாம். அது அவ்வளவு லேசான காரியமல்ல. ஒரு ஆம்பிளை தன் பேரில் வளவு எழுதுகிறான் என்றால் ஊர் இரண்டு கேள்வி கேட்கும். மகளோடு கோபமா, இல்லாவிட்டால் வேறு எங்கேயும் குடும்பம் இருக்கிறதா. அக்காவே கேட்பாள். பஸ் கொக்கட்டிச்சோலைக்கு வருவதற்குள் அழகரத்தினம் மனதுக்கு ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். நிலத்தை எவன் கேட்கப் போகிறான், பள்ளக்காணி. வீட்டைத்தான் கேட்பார்கள். யாரும் கேட்காத மாதிரி ஒரு வீட்டைக் கட்டிவிட்டால் சரி.

தனுஷியாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. முன்பள்ளி ஆசிரியை. அவளுக்கும் ஒரு வீடு தொடங்கப்பட்டிருந்தது. யசோதினியின் வளவுக்கு அடுத்த துண்டில், அரசாங்க வீட்டுத் திட்டத்தில். அத்திவாரத்துக்கு ஒரு தவணை வந்தது, சுவருக்கு ஒரு தவணை வந்தது, பிறகு ஆட்சி மாறியது. வீடு கூரையில்லாமல் லிண்டலோடு நின்றது. சீமெந்து விலை ஏறி, நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அந்த வீட்டின் மண்டபத்துக்குள் ஒரு பப்பாசி முளைத்தது. இப்போது அது லிண்டலுக்கு மேலே தலை நீட்டிக் காய்க்கிறது. பெண் பார்க்க வந்த மூன்று பகுதியும் முதலில் அந்தப் பப்பாசியைப் பார்த்தார்கள். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு, சொல்லி அனுப்புறம் என்றார்கள்.

ஆகையால் ஓடாவியார் தனக்கென்று வாவிக் கரையில் கல் நட்டபோது ஊர் சும்மா இருக்கவில்லை. மகள்ர வீட்டுக்குள்ள பப்பாசி பழுக்குது, இவர் வாவிக் கரையில மாளிகை கட்டுறார் என்று சந்தியில் சொன்னார்கள். அது அவரைச் சுடாமலில்லை. கையில் இருப்பதைக் கொண்டு கொங்கிறீற்று வீட்டை முடிக்க முடியாது, பழைய மரத்தைக் கொண்டு ஒரு கூடு வேண்டுமானால் கட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் உண்மையைத் தகப்பன் மகளிடம் போய்ச் சொல்லத்தான் வேண்டும். சொன்னார். தனுஷியா முன்பள்ளிக் கொப்பி ஒன்றை எடுத்து, கீறிக் காட்டுங்கோ பார்ப்பம் என்றாள். அவர் சொல்லச் சொல்ல அவள் பிள்ளைகளின் கலர்ப் பென்சிலால் கீறினாள். கூரை நாவல் நிறம், வாவி பச்சை நிறம். மண்ணிறப் பென்சிலை ஏதோ ஒரு பிள்ளை கடித்து முடித்திருந்தது.

அளவை எடுக்க அவர் தன் முறையைக் கையாண்டார். நாலு பன்பாயைக் கொண்டுபோய்க் கரையில் விரித்தார். ஒவ்வொன்றும் மூன்றடி அகலம், ஆறடி நீளம். சுற்றிவரப் போட்டால் நடுவில் மூன்றுக்கு மூன்று மிஞ்சும். மொத்தம் ஒன்பதடிச் சதுரம். தான் ஒரு பாயில் கிடந்துகொண்டு சின்னத்தங்கத்தை மற்றதில் கிடக்கச் சொன்னார்.

“தோணியில போறவன் பார்த்தா, ரெண்டு பேரும் விசம் குடிச்சிற்றுக் கிடக்கிறம் எண்டு நினைப்பான்,” என்றாள் சின்னத்தங்கம். ஆனாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து கிடந்தாள். கிடந்தபடி வாவியைப் பார்த்தாள். அவளுடைய கண் எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில் அவர் ஒரு தடியில் கோடு வெட்டினார். யன்னல் அங்கேதான்.

மரம் ஏறாவூர் சாலிஹிடமிருந்து வந்தது. சாலிஹ் பழைய வீடுகளை உடைத்து மரம் விற்கிறவர், அழகரத்தினத்தைவிட நாலு வயது மூத்தவர், ஆகவே ‘காக்கா’ என்கிற அண்ணன்முறை, முப்பது வருடப் பழக்கம். முதிரை மரத்துத் தீராந்தி உத்தரங்களை லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு அவரே வந்தார். கால்கள் நட்டு, தளம் போட்டு, கூரைச் சட்டம் ஏறியிருந்த நேரம். கூரை இறக்கம் நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தது. சாலிஹ் குனிந்து உள்ளே பார்த்தார்.

“இதென்ன ஓடாவியார், வீடா, மீன் வாடியா? உள்ளுக்குப் போக நெத்தி நிலத்துல படச் சுஜூது செய்யணும் போல கிடக்கு.”

“குனிஞ்சு வரட்டும் காக்கா. நிமிந்து வாறவன்தானே அதக் குடு இதக் குடு எண்டு கேக்கிறான்.”

“போர்ட்டிக்கோ எங்க?”

“இல்ல.”

“அறை?”

“இல்ல. ஒரே அறைதான்.”

“டைல்ஸ்?”

“பாய்.”

சாலிஹ் தலையை ஆட்டினார். “இதுக்கு மாப்புள வராது. மாப்புளட ஆடும் வராது.”

“அதுக்குத்தான் இப்பிடிக் கட்டுறன்.”

அழகரத்தினம் உறுதி விசயத்தை அவரிடம்தான் முதலில் சொன்னார். சாலிஹ் சிரிக்கவில்லை. தானும் மகளின் வீட்டில்தான் இருப்பதாகச் சொன்னார். முன்னறையில் ஒரு கட்டில். மருமகனின் சினேகிதர்கள் வந்தால் எழும்பிப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். “ஊருல எல்லாரும் என்னைய பெரிய தொழுகையாளி எண்டு நினைச்சிக்கிட்டு இருக்காங்க,” என்றார். பிறகு லான்ட்மாஸ்டரில் மிச்சமிருந்த இரண்டு முதிரைப் பலகையையும் சும்மா இறக்கிவிட்டுப் போனார்.

தை மாதம் தொடங்கிய வேலை ஆடியில் முடிந்தது. அழகரத்தினம் அந்த வீட்டில் எதையெல்லாம் வைக்கவில்லை என்பதுதான் அவருடைய திட்டம். மாப்பிள்ளை பகுதி வீடு பார்க்க வரும்போது அவர்கள் கண் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். நாற்பது வருடம் அந்தக் கண்களுக்காகத்தானே கட்டினார். முகப்பில் தூண் வைக்கவில்லை. மண்டபம் இல்லை. கொங்கிறீற்று ஒரு சட்டி கூடக் குழைக்கவில்லை. வாவியிலிருந்து எடுத்த ஆறு கருங்கல்லின் மேல் மரக்கால்கள் நின்றன. கல்லைச் செதுக்காமல், கல்லின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப மரத்தின் அடியைச் செதுக்கினார். ஒரு காலுக்கு இரண்டு நாள் போனது. கரையில் நின்ற பூவரசை வெட்டாமல் கூரையில் ஒரு மூலையை அதற்காக விட்டுக்கொடுத்தார். சுவருக்குப் பன்புல்லில் பின்னிய தட்டிகள். மரத்தில் வெட்டி, தேங்காயெண்ணெய் பூசிய தவாளிப்பில் ஒரு விரலால் தள்ள நகரும். யன்னல் தரையிலிருந்து ஒன்றரை அடியில். நின்று பார்த்தால் கூரை விளிம்புதான் தெரியும், பாயில் குந்தியிருந்தால்தான் வாவி. மழைத் தண்ணீர் கூரையிலிருந்து ஒரு கயிற்று வழியாக இறங்கி, சத்தமில்லாமல் மணலில் போய்ச் சேரும்.

ஊர் அதற்கு ‘ஓடாவிர வாடி’ என்று பெயர் வைத்தது. மீன்பிடிகாரர் சீசனுக்குப் போடுகிற குடிசைக்குத்தான் அங்கே வாடி என்று பெயர். அழகரத்தினத்துக்கு அந்தப் பெயர் கேட்கக் கேட்கச் சந்தோசமாக இருந்தது. பூட்டுக்கு மேல் பூட்டு.

ஆவணியில் குடிபோனார்கள். நாற்பத்தொன்பது நாள், ஏழு கிழமை இருந்தார்கள்.

அந்த ஏழு கிழமையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நடுவிலிருந்த அரைப் பாயில் என்ன வைப்பது என்று முதல் கிழமை சண்டை. சின்னத்தங்கம் தண்ணீர்க் குடத்தை வைத்தாள், பிறகு தையல் மெசினை வைத்தாள், பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தானே அங்கே இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் யன்னலுக்குள் வாவி மட்டும். ரோட்டு இல்லை, வேலி இல்லை, யாருடைய வீட்டின் முதுகும் இல்லை. பகல் முழுவதும் தட்டிகளுக்குள்ளால் காற்று வந்தது. அவள் கதிரையை எங்கும் இழுக்கவில்லை. ஒரு மத்தியானம் இறால் கூட்டுக்காரன் ஒருவன் கழுத்தளவு தண்ணீரில் நின்று கூட்டைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டே நித்திரையாகிப் போனாள். அழகரத்தினம் உளியைத் தீட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் முடித்து முப்பத்தெட்டு வருடத்தில் அவள் பகலில் நித்திரை கொண்டு அவர் கண்டதில்லை.

புரட்டாதி தொடக்கத்தில் தனுஷியாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வினோஜன், முப்பத்தாறு வயது, மாலைதீவில் ஒரு ஹோட்டலில் எட்டு வருடம் வேலை செய்து திரும்பியவர். ஊரோடு நின்று ஏதாவது தொழில் செய்கிற யோசனை. தாயும் மகனும் வந்தார்கள். லிண்டல் வீட்டையும் பப்பாசியையும் பார்த்தார்கள். தாய் தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். இது நாலாவது என்று தனுஷியா கோப்பைகளை எண்ணிக்கொண்டு நின்றாள். வினோஜன் வாவிப் பக்கம் காலாற நடந்துவிட்டு வாறன் என்று போனார்.

அழகரத்தினம் வீட்டுப் படியில் இருந்தார். வந்தவர் யாரென்று தெரிந்து எழும்புமுன் வினோஜன் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் சொல்லாமலே குனிந்து உள்ளே போனார். போனவர் நிற்கவில்லை, கீழே பாயில் இருந்தார். நின்று பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் அழகரத்தினம் எல்லாவற்றையும் மறைத்து வைத்திருந்தார்.

வினோஜன் வெளியே வந்து, போனைக் கையில் எடுத்துப் படம் பிடித்தார். கல்லின் மேல் கால் நிற்கிற இடத்தைப் பிடித்தார், பூவரசைப் பிடித்தார், யன்னலைக் குந்தியிருந்து பிடித்தார்.

“மாமா, இத ஆரு டிசைன் பண்ணின?”

“நான்தான் தம்பி.”

“இது கபானா மாமா. ஹோட்டல்காரன் கரையில வாடகைக்கு விடுற அசல் கபானா. மாலைதீவுல இதுக்குக் கிட்டவும் வராத ஒண்டுக்கு வெள்ளக்காரன் வருசத்துக்கு முதல் புக் பண்ணிக்கிட்டு நிக்கிறான்.”

“இது வாடி தம்பி,” என்றார் அழகரத்தினம். “ஊருல ஆரையும் கேட்டுப் பாருங்க. வாடி.”

வினோஜன் மாமா பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்.

இரண்டு நாளில் ஊரில் பெயர் மாறிவிட்டது. ஓடாவிர கபானா. நேற்றுவரை மூக்கைச் சுளித்தவர்கள் இன்று பார்க்க வந்தார்கள். குனிகிற நேரம் கூரை விளிம்பு அவர்களின் நெற்றியில் இடித்தது. பரவாயில்லை, கபானா அப்படித்தான் என்றார்கள்.

வினோஜனின் தாய் அந்தக் கிழமை யசோதினியின் வீட்டுக்குத் தானே பேச வந்தார். நல்ல மனுசி, குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். லிண்டலோடு நிற்கிற வீட்டைப் பற்றித் தாங்கள் ஒன்றும் கேட்கப் போவதில்லை, கையில் காசும் நகையும் வேண்டாம் என்றார். சின்னத்தங்கம் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு இடம் தனுஷியாவுக்கு இனி வராது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

“தம்பிக்கு இந்தக் கபானாதான் பிடிச்சிருக்கு அண்ண,” என்றார் அந்த அம்மா. “வளவும் தனுஷியாட பேருலதானே கிடக்கு. புதுசா ஒண்டும் எழுதுற வேலையுமில்ல.”

“அதில நாங்க இருக்கிறம்,” என்றார் அழகரத்தினம். சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு சின்னதாக வந்தது என்று அவருக்குக் கேட்டது.

“ஓம், இருங்களன். ஆரு வேணாமெண்ட? கல்யாணத்துக்குப் பிறகும் நீங்க வந்து போய் இருக்கலாம்தானே.”

வந்து போய். அழகரத்தினம் சின்னத்தங்கத்தைப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்தாள்.

அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சட்டப்படி அந்தச் சொல்லுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. ஆனாலும் வினோஜன் மரியாதை தெரிந்த மனுசன், தகப்பன் மறித்தால் சம்பந்தத்தை விட்டுவிட்டுப் போயிருப்பார். இரண்டு நாள் அழகரத்தினம் அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் பின்னேரம் முன்பள்ளி விட்டு வந்த தனுஷியாவை லிண்டல் வீட்டு வாசலில் மறித்தார். பப்பாசியில் ஒரு காய் மஞ்சள் பிடித்திருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தனுஷியாதான் பேசினாள்.

“நான் அதக் கேக்கல்லப்பா.”

“தெரியும் மனே.”

“கேக்கவும் மாட்டன். ஆனா வேணாமெண்டு சொல்லுற வயசு எனக்கு இல்ல. அத நீங்கதான் சொல்லணும்.” அவள் அழவில்லை. பாடம் சொல்லிக் கொடுக்கிற குரலில் ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். “நீங்க சொன்னா நான் கோவிக்க மாட்டன். இந்த வீட்டுக்குள்ள இந்த மரத்தோட இருப்பன்.”

கோவிப்பேன் என்று அவள் சொல்லியிருந்தால் அவரால் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியும்.

அன்று சின்னத்தங்கத்திடம் சொல்லத்தான் அவர் வீட்டுக்குப் போனார். அவள் அதற்குள் பாய்களைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தாள்.

கல்யாணம் பதிவு எழுத்தோடு முடிந்தது. மாரி தொடங்குவதற்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்று வினோஜன் அவசரப்பட்டார். கபானாவை வாடகைக்கு விடுவதுதான் அவருடைய தொழில் யோசனை. வருகிற வெள்ளைக்காரர் தரையில் இருக்க மாட்டார்கள், கதிரையில்தான் இருப்பார்கள். ஆகவே யன்னலை இரண்டடி உயர்த்த வேண்டும். நிமிர்ந்து நுழைய வாசல் பக்கம் கூரையை வெட்ட வேண்டும். ஒட்டினாற்போல் ஒரு குளியலறை கட்ட வேண்டும், அதற்குப் பூவரசு இடைஞ்சல். வேறு ஓடாவியைப் பிடித்தால் பழுதாக்கிவிடுவான், மாமாதான் செய்ய வேண்டும் என்று வினோஜன் வந்து மரியாதையாகக் கேட்டார். கூலி தருகிறேன் என்றும் சொன்னார். அழகரத்தினம் கூலி வாங்கவில்லை. யன்னல் சட்டத்தைத் தானே கழற்றி, தானே உயர்த்திப் பூட்டினார். மர முளையெல்லாம் இறுக்கமாக இருந்தது. நன்றாகச் செய்திருந்தார், கழற்ற நேரமெடுத்தது. பூவரசை வெட்டுகிற அன்று மட்டும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

சாலிஹ் ஒருநாள் வந்து வேலியோடு நின்று பார்த்துவிட்டு, ஒரு பகிடியும் விடாமல் போனார்.

தகரக் கொட்டில் அப்படியே இருந்தது, ஆனால் வெறுமையாக இல்லை. அவர்கள் போன ஏழு கிழமைக்குள் கோழித் தீவன மூட்டைகள் முழு இடத்துக்கும் பரவியிருந்தன. யசோதினி அம்மாவைக் கண்டதும் கொஞ்சம் அழுதாள், பிறகு மூட்டைகளை ஒரு பக்கமாக அடுக்கிக் கட்டிலுக்கு இடம் எடுத்துக் கொடுத்தாள். நல்ல பிள்ளை. தீவனத்தின் மணம் உடுப்பில் ஏறிக்கொண்டது. ஐப்பசி பிறந்து முதல் மழை ஒரு மத்தியானம் பெய்தது. தகரத்தில் ஆணி துருவேறிய மூன்று இடத்தால் தண்ணீர் இறங்கியது. ஒன்று கட்டிலின் கால்மாட்டில்.

அழகரத்தினம் அண்ணாந்து பார்த்தார். வேலைக்காரனின் கண் தானாகவே அளந்தது. இந்தத் தகரத்தை மாற்றி, சட்டத்தை ஒரு அடி உயர்த்தி, மேற்கால ஒரு யன்னல் வெட்டினால் கொஞ்சம் காற்றாவது வரும். மரம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

“மழை விட்டதும் கழற்றிப் போட்டு மாத்திருவம் புள்ள,” என்றார்.

சின்னத்தங்கம் கட்டிலின் மறுமுனையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள்.

“ஆருட வீட்ட ஆரு மாத்துற?” என்றாள். “கேட்டிட்டு மாத்துங்க.”

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மழைக்குள்ளால் முன்பக்கம் போனார். அந்த வீட்டு முன்கதவு முதிரை, அவர் செய்தது, பூவேலை போட்டது. உள்ளே மருமகனின் சினேகிதர்கள் யாரோ வந்திருந்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. அழகரத்தினம் போர்ட்டிக்கோவின் விளிம்பில், டைல்ஸ் நனையாதபடி, வெளியிலேயே நின்றார். கதவைத் தட்டக் கை போகவில்லை. யாராவது வெளியே வந்தால் கேட்கலாம் என்று நின்றார். மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை.